அரைக் கொத்து அரிசி

சிக்கனம் நல்லது என்பதை மறுப்பார் எவருமில்லை. பாலர் வகுப்புக் கதையில் எறும்பு அதனைக் கற்பிக்கின்றது. வானொலியில் அமைச்சர் அதனைக் கற்பிக்கின்றார். வட்டிக்குப் பணம் கொடுப்பவர்கூடத் தம்மிடம் கடன்பட்டவனுக்கு அதனையே கற்பிக்கின்றார். எல்லோரும் ஒருமுகமாகப் போற்றும் நற்பண்பு ஒன்றைப் பற்றி வினா எழுப்புவது ஆசிரியத் தொழில் செய்வோருக்கு அழகன்று எனச் சிலர் கருதலாம். எனினும், அதனை யார் யாருக்குச் சொல்கின்றார், எப்போது சொல்கின்றார் என்று கேட்டுப் பார்ப்பது எந்த நற்பண்புக்கும் இழுக்காகாது. அவ்வாறு கேட்டுப் பார்க்க எமக்கு வாய்த்த இடம் சிலாவத்துறை; வாய்த்த காலம் 2022ஆம் ஆண்டும் அதனைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளும்.

மன்னார் நகருக்குத் தெற்கே, பெருநிலத்தின் மேற்குக் கரையில், முசலிப் பிரிவில் அமைந்த சிற்றூர் சிலாவத்துறை. வடக்கே அரிப்பு, தெற்கே கொண்டச்சி, அதற்கும் அப்பால் மறிச்சுக்கட்டி. மேற்கே கடல், கிழக்கே அகத்திமுறிப்புக் குளத்து நீரை நம்பிய வயல்கள். அருவியாறு அரிப்புப் பக்கமாகக் கடலில் கலக்கின்றது. வடகீழ்ப் பருவத்து மழை பெய்யும் மூன்று மாதம் போக, எஞ்சிய காலமெல்லாம் வெயிலும் கச்சான் காற்றும் ஆளும் நிலம் இது. இத்தகைய நிலத்தில் வாழ்பவனுக்குச் சிக்கனத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கிணற்றின் அடியில் ஊறும் நீரை எத்தனை வாளி இறைத்தால் உப்புச் சுவை தட்டும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும்.

எமது ஊர் அடுக்களைகளில் நடைபெறும் கணக்கைச் சிறிது விரித்துரைப்போம். ஒரு தேங்காயை எடுத்துக்கொள்வோம். உடைக்கும்போது வழியும் இளநீர் பிள்ளைக்கு. துருவிய பூவில் முதற்பால் சொதிக்கு. இரண்டாம் பால் கறிக்கு. பிழிந்த சக்கையில் பாதி மிளகாயோடு சேர்ந்து சம்பலாகும், மீதி கோழிக்குப் போகும். சிரட்டை கரியாகிச் சீருடைச் சட்டையை அழுத்தும் இஸ்திரிப் பெட்டிக்குள் புகும். பொச்சு பானை துலக்கும். அதிலும் எஞ்சியது மாலையில் நுளம்புக்குப் புகையாகும். இவ்வளவுக்கும் பிறகு அத் தேங்காயில் வீணானது எது என்று தேடுபவர் தேடட்டும். அரிசி களைந்த நீர் ஆட்டுக்கு. இரவில் எஞ்சிய சோறு தண்ணீரில் ஊறிக் காலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்ந்து பழஞ்சோறாகும். விளைமீனும் பாரையும் கொழும்பு லொறிக்கு. சூடையும் சாளையும் பிடித்தவன் வீட்டுச் சட்டிக்கு. விலைபோகாதது உப்பில் படிந்து வெயிலில் காய்ந்து கருவாடாகி, கடல் கொந்தளிக்கும் மாதத்திற்குக் காத்திருக்கும். தேநீரில் சீனியைக் கரைப்பதில்லை. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நாவால் தொட்டு, வெறுந்தேநீரை ஒரு மிடறு பருகுவர். ஒரு கரண்டிச் சீனி மூவருக்கு இனிக்கும் வித்தை அது.

இவையெல்லாம் பஞ்சத்தின் அடையாளங்கள் அல்ல. நல்ல காலத்திலும் நடைபெறுபவை. உழைப்பின் அருமையை அறிந்தவன் பொருளின் அருமையையும் அறிவான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுவான். இந்தச் சிக்கனத்தை நாம் மதிக்கின்றோம். இது பண்பாடு, தலைமுறைகள் சேர்த்துவைத்த அறிவு.

ஆனால் 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி இந்த அறிவுக்கும் எட்டாத ஒன்று வந்து சேர்ந்தது. பன்னிரண்டரைக் கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர் 1,493 ரூபாவுக்கு விற்றது. 2022 ஏப்ரலில் அதன் விலை 4,860 ரூபா. நானூறு கிராம் பால்மாப் பொதி 380 ரூபாவிலிருந்து 2022 மார்ச்சில் 790 ரூபாவை எட்டியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களில் அது 94.9 சதவீதம். அதாவது, முன்னைய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா. சம்பளக்காரனின் சம்பளமோ கூலிக்காரனின் கூலியோ அவ்வாறு இரட்டிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இக் கணக்கு எமது ஊரில் எவ்வாறு இறங்கியது? ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கொத்து அரிசி உலையில் விழுந்த இடத்தில் அரைக் கொத்து விழுந்தது. இரு சுண்டு அரிசியில் தண்ணீரைப் பெருக்கினால் கஞ்சி. கஞ்சியில் முருங்கையிலையைச் சேர்த்தால் அது ஒரு நேர உணவு. மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. எரிவாயு அடுப்புகள் துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்டன. மண் அடுப்புகள் மீண்டும் மெழுகப்பட்டன. எமது வீட்டில் ஒரு தகரத்தில் மரத்தூளை இறுக்கி, நடுவே துளையிட்டு எரிக்கும் அடுப்பைச் செய்துகொண்டோம். சவர்க்காரக் கட்டி நூலால் அறுக்கப்பட்டு இரண்டானது. மூத்தவனின் சட்டை உள்மடிப்புப் பிரிக்கப்பட்டு இன்னுமோர் ஆண்டு நீண்டது. பிறகு இளையவனுக்குச் சுருங்கியது.

இதுவரை சிக்கனம் என்றே சொல்லலாம். இதற்கு அப்பாலும் அப்பெயரையே சொல்லலாமா? இருப்பதை அளந்து செலவிடுவது சிக்கனம். இல்லாததை எவ்வாறு அளப்பது? தேங்காயின் சக்கையையும் வீணாக்காத வீட்டுக்குத் தேங்காயே வராதபோது, அந்த வீட்டின் அடுத்த சிக்கனம் யாது? அது சம்பலைக் கைவிடுவது. அதற்கடுத்தது, ஒரு நேரத்தைக் கைவிடுவது. அதற்கடுத்தது, ஒருவர் உண்ணாமலிருப்பது. இந்த வரிசையில் எந்த இடத்தில் சிக்கனம் முடிந்து பட்டினி தொடங்குகின்றது என்பதைக் கோடிட்டுக் காட்டுவது சமூகத்தின் கடமை. அக் கோட்டை மறைப்பதற்குச் சிக்கனம் என்ற சொல் பயன்படுமானால், அச்சொல்லின் மீது நாம் ஐயங்கொள்ளத்தான் வேண்டும்.

கடற்றொழிலாளர் கதையைப் பார்ப்போம். எமது கரையின் சிறு படகுகள் பலவற்றில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களே உள்ளன. 2022இன் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் கிடைக்கவே இல்லை. ஆகஸ்டு 21ஆம் திகதி நள்ளிரவில் விலை திருத்தப்பட்டபோது, 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 340 ரூபாவாயிற்று. வாகனக்காரருக்கு யூலை முதல் கைத்தொலைபேசிக் குறியீட்டு அட்டை முறையில் வாரப் பங்கு கிடைத்தது: மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். இந்தப் பங்கீட்டிலேயே ஒரு நீதி எழுதப்பட்டிருந்ததை வாசகர் கவனிப்பாராக. எமது மாணவன் ஒருவனின் தந்தை வலைகளை வெயிலில் உலர்த்திக்கொண்டு எம்மிடம் சொன்னார்: “கடலில மீன் இருக்கு சேர். கடலுக்குப் போறதுக்குத்தான் வழியில்ல.” சிலர் பழைய பாய்களைத் தைத்தனர், சிலர் துடுப்பு வலித்துக் கரையோரமாகத் தொழில் செய்தனர். இதனையும் கண்டு, “எரிபொருளே இல்லாத இயற்கைத் தொழிலுக்குத் திரும்பிவிட்டார்கள்” எனப் பூரித்தவர்கள் உண்டு. துடுப்பு வலிப்பவனின் தோளைப் பார்த்திருந்தால் அவர்கள் பூரித்திருக்கமாட்டார்கள்.

அந்த ஆண்டு மார்ச் 22ஆம் திகதி யாழ்ப்பாணம், மன்னார் மாவட்டங்களைச் சேர்ந்த 16 பேர், குழந்தைகள் உட்பட, படகேறித் தனுஷ்கோடிக் கரையை அடைந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் அரிச்சல்முனைக்கு அண்மையிலுள்ள மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, இந்தியக் கடலோரக் காவல் படையினரால் மீட்கப்பட்டனர். முன்னர் போருக்கு அஞ்சி மக்கள் கடந்த அதே கடலை, இப்போது அரிசி விலைக்கு அஞ்சிக் கடந்தனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 18 மைல். அடுக்களையின் சிக்கனம் தீர்ந்துபோன இடத்திலிருந்து அந்தப் பதினெட்டு மைல் தொடங்குகின்றது.

இனி எமது வகுப்பறை. பாடநூல் இலவசம், கல்வி இலவசம், கொப்பியோ கடையில் வாங்க வேண்டியது. காகிதம் இறக்குமதி செய்யப் பணமின்றி 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. கொப்பியின் விலை மும்மடங்கை நெருங்கியபோது எமது பிள்ளைகள் கண்ட வழி இது: ஒரே கொப்பியில் முன்பக்கத்திலிருந்து தமிழ், பின்பக்கத்திலிருந்து சமயம். “நடுவில ரெண்டும் முட்டும்போது வேற கொப்பி வாங்குவம் சேர்” என்றான் ஒருவன், சிறிதும் துன்பமின்றி. எழுத்தைச் சிறிதாக்கினர், ஓரக்கோடு அடிப்பதை விட்டனர், ஒரு வரியில் இரு வரி எழுதினர். கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. சொல்ல விடயமில்லாமலன்று, தாளைக் காக்க வேண்டும் என்பதால். ஒரு பிள்ளை தன் சிந்தனையைத் தாளின் விலைக்கேற்பக் குறுக்கிக்கொள்வதும் சிக்கனந்தான். அதனால் நாட்டுக்கு மிச்சமானது எவ்வளவு என்று கணக்கிடுவார் உளரோ?

காலைக் கூட்டத்தில் சோர்ந்து உட்காரும் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால், பசிக்கவில்லை என்ற விடை வரும். அதன் பொருள் எமக்கு நெடுநாள் புதிராயிருக்கவில்லை. ஒரு தாய் அதனை விளக்கினாள்: “தம்பிமாருக்குக் காணாம வந்திடும் எண்டு, பசிக்கல்ல எண்டு சொல்லப் பழகிட்டா சேர்.” சொன்ன அத் தாய் அன்று உண்டாளா என்பதை நாம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதே விடைதான் கிடைத்திருக்கும்.

ஆம், வீட்டுச் சிக்கனத்தின் பெரும் பங்கு பெண்ணின் உடலிலிருந்தே எடுக்கப்படுகின்றது. எரிவாயு மிச்சம் என்றால் விறகுக்கு நடக்கும் மைல்கள் அவளுடையவை. அடுப்பூதும் மூச்சு அவளுடையது. அரிசி மிச்சம் என்றால் பானையின் அடியைச் சுரண்டும் ஓசை அவள் தட்டில் கேட்பது. ஆண்கள் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், எஞ்சியதைத் தனக்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பெருமையாகப் பாடுகின்றோம். எஞ்சியது ஏதுமில்லாத நாளில் அவ்வழக்கத்தின் பெயர் என்ன? வரவுசெலவுத் திட்டத்தின் எந்தப் பத்தியிலும் அவள் நடந்த மைல்களும் உண்ணாத நேரங்களும் பதியப்படுவதில்லை. பதியப்படாத செலவு செலவே அன்று என்று எண்ணுவது கணக்கியலில் வேண்டுமானால் சரியாகலாம், அறத்தில் சரியாகாது.

இந்த நாட்டில் சிக்கன உபதேசம் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிக்குக் கூப்பன் வந்தது. ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கக்கடைகள் முளைத்தன. 1953 யூலையில் வரவுசெலவுத் திட்டத்தைச் சமநிலைப்படுத்தவேண்டும் என்று கூறி, கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது; பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த ஆண்டிலேயே பதவி துறந்தார். 1966 இறுதியில் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாயிற்று. எழுபதுகளின் முற்பகுதியில் பாணுக்கு வைகறையில் வரிசை. கிழமையில் இரு நாள் உணவகங்களில் சோறு விற்கத் தடை. எமது ஊரின் முதிய பெண்கள் 2022ஆம் ஆண்டை அதிசயமாகப் பார்க்காததற்குக் காரணம் இதுவே. மரவள்ளி மாவில் பிட்டு அவிக்கும் பக்குவத்தை அவர்கள் எழுபதுகளில் கற்றிருந்தனர். பேரப்பிள்ளைகளுக்கு அதனை மீண்டும் கற்பித்தனர். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு முறை பசியைக் கற்பிக்கும் நாட்டில், அறிவு வளர்கின்றதா, வறுமை வளர்கின்றதா?

2022 யூனில் மற்றுமோர் உபதேசம் வந்தது. அரச அலுவலர் வெள்ளிக்கிழமைகளில் விடுப்பெடுத்து வீட்டுத்தோட்டம் செய்வதற்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தோட்டம் நல்லதே, நாமும் முருங்கையும் கத்தரியும் நட்டவர்களே. ஆனால் யூன் மாதத்தில் எமது கரையில் வீசுவது கச்சான். அடுத்த மழைக்கு ஒக்தோபர்வரை காத்திருக்க வேண்டும். மண்ணையும் பருவத்தையும் கேளாத உபதேசம் விதையாகாது. மேலும், அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் ஒரே அறிவித்தலில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அதனை விலக்கிக்கொண்டதும் அரசுதான். வயலை வாடவிட்ட கை, வளவில் கத்தரி நடச் சொல்லிக் காட்டியது.

தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விழைகின்றோம். வருவாயின் வழி சிறிதாயினும், செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் பெயரால் மேடைதோறும் குடும்பத் தலைவிகளுக்குச் சொல்லக் கேட்கின்றோம். அக்குறள் எங்கே நிற்கின்றது என்பதை மேடையில் சொல்வோர் சொல்வதில்லை. அது இல்லறவியலில் இல்லை. பொருட்பாலின் அரசியலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் நிற்கின்றது. அஃதாவது, ஆள்பவன் தன் வலிமையை அளந்தறிந்து செயற்படுவதற்கான அறிவுரை அது. அரசனுக்குச் சொன்னதை அரசு மறந்துவிட்டு அடுக்களைக்குத் திருப்பிவிட்டது! 2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து, தன் வருவாயின் வழியைத் தானே அடைத்துக்கொண்டது எந்தக் குடும்பத் தலைவி? சர்வதேசச் சந்தையில் அதிக வட்டிக்குக் கடன்பட்டது எந்த மீனவன்?

இதே கரையின் பழைய கதை ஒன்றும் இதற்குச் சான்று கூறும். சிலாவத்துறையும் அரிப்பும் கொண்டச்சியும் முத்துக்குளிப்பால் உலகறிந்த இடங்கள். அதனை மேற்பார்க்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள்பதி பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகை, அரிப்புக் கரையில் கடலால் அரிக்கப்பட்டு இடிபாடாக நிற்கின்றது. 1905ஆம் ஆண்டில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் அள்ளப்பட்டன. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு; கரையில் நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டு. அடுத்த ஆண்டு அம் முத்துப் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907க்குப் பின் பல ஆண்டுகள் குளிப்பு நடைபெறவில்லை; 1912க்குள் கம்பனியும் கலைந்தது. சிப்பித் திட்டுகள் காலந்தோறும் தாமே அற்றுப்போவதும் உண்டு என்பது உண்மை. ஆயினும் அள்ளியவர் எவரும் அளந்து அள்ளியதாக வரலாறு கூறவில்லை. தேங்காய்ச் சக்கையைக் காக்கும் கரையில் கடலின் செல்வம் அவ்வாறு அள்ளப்பட்டது. ஊதாரித்தனம் எப்போதும் மேலிருந்து வந்தது. சிக்கனம் எப்போதும் கீழே விதிக்கப்பட்டது.

மற்றுமொன்றையும் மறத்தலாகாது. சிக்கனத்துக்கும் முதல் வேண்டும். அளந்து போடப் பானை வேண்டும். கருவாடு காயக் கரை வேண்டும். முருங்கை நட வளவு வேண்டும். 1990 ஒக்தோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எமது பகுதியின் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு புத்தளத்துக்குப் போயின. பிறகு போர் இங்கிருந்த தமிழ்க் குடும்பங்களையும் இடத்துக்கிடம் துரத்தியது. 2009க்குப் பின் திரும்பியவர்கள் காட்டை வெட்டி வளவு கண்டனர். கடற்படை முகாமுக்குள் அகப்பட்ட தங்கள் காணிகளைக் கேட்டுச் சிலாவத்துறை மக்கள் 2019இல் தெருவில் அமர்ந்தனர். இருபது ஆண்டு அகதி முகாமில் வாழ்ந்த பெண்ணுக்கு வீட்டுத்தோட்டத்தின் நன்மையை எடுத்துரைப்பதற்குமுன், அவள் வீடு எங்கே, தோட்டம் எங்கே என்று கேட்பது முறையன்றோ?

முதலில்லாதவர்களின் வாசலுக்குக் கடன் வந்தது. கிழமைதோறும் வசூலுக்கு வரும் நுண்கடன், சேமிப்பைப் பழக்குவதாகச் சொல்லிக்கொண்டு நுழைந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடனை அரசே ஏற்றுத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அறிவிக்க நேர்ந்த அளவுக்கு அச்சுமை பெருகியது. உண்ணாமல் மிச்சம் பிடித்தது வட்டியாகப் போனால், அச்சிக்கனத்தின் பயனை அறுவடை செய்தவர் யார்?

இதற்கு மாறான சிக்கனம் ஒன்றும் எமது ஊரில் உண்டு. அதன் பெயர் பிடியரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக ஒரு பாத்திரத்தில் போட்டுவைப்பர். கிழமை முடிவில் அது பொதுப் பானைக்குப் போகும். இல்லாத வீட்டுக்கும், மௌத்தான வீட்டுக்கும், வழிப்போக்கனுக்கும் அதிலிருந்து சோறு வரும். பள்ளிவாசலை அண்டியும் தேவாலயத்தை அண்டியும் இவ்வழக்கம் தழைத்துள்ளது. தனி வீட்டுச் சிக்கனம் கதவை அடைக்கின்றது. பிடியரிசியின் சிக்கனம் கதவைத் திறக்கின்றது. 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில், பசிக் காலம் என்றே பெயர்பெற்ற ஆண்டுகளில், 28 தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தில் வெண்ணெயும் சீனியும் மாவும் விற்கும் கடையொன்றைத் திறந்தனர். உலகக் கூட்டுறவு இயக்கத்தின் முன்மாதிரி அதுவே. இலங்கையில் 1911இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. நெசவாளியின் பென்னிக்கும் எமது பெண்களின் பிடியரிசிக்கும் பொருள் ஒன்றே: தனியே மிச்சம் பிடிப்பவன் தேய்கின்றான், சேர்ந்து மிச்சம் பிடிப்பவர் நிமிர்கின்றனர்.

கொப்பிப் பஞ்சத்தின்போது நாமும் பெற்றோரும் இதனையே செய்தோம். முன்னைய ஆண்டுக் கொப்பிகளில் எழுதாமல் விடப்பட்ட தாள்களை வீடுவீடாகச் சேர்த்தோம். வலை பின்னும் நூலும் ஊசியும் மீனவர் தந்தனர். சிமெந்துப் பையின் உட்தாள் அட்டையாயிற்று. ஒரு கொப்பியில் நான்கு நிறத் தாள்கள், மூன்று அளவுக் கோடுகள். பிள்ளைகள் வெட்கப்படவில்லை, எல்லோருடைய கொப்பியும் அவ்வாறே இருந்ததால் வெட்கத்துக்கு இடமில்லை. கட்டுரைகள் மீண்டும் இரண்டாம் பக்கத்துக்குச் சென்றன.

அந்த நெருக்கடி தீர்ந்துவிட்டது என்கின்றனர். வரிசைகள் மறைந்தன என்பது உண்மை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தது, பணவீக்கமும் இறங்கியது. பணவீக்கம் இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று பொருளன்று. ஏறிய விலை ஏறிய இடத்தில் நின்றது என்பதே பொருள். அதே காலத்தில் சுமை எவ்வாறு பகிரப்பட்டது என்பதற்கு மின்கட்டணமே சாட்சி. மாதம் 30 அலகு மட்டும் எரிக்கும் குடிசைக்கு 2022 ஆகஸ்டுக்கு முன் 105 ரூபா, ஆகஸ்டில் 360, 2023 பெப்ரவரியில் 1,300. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அது குறைக்கப்பட்டபோதும், அதற்கிடையில் குப்பி விளக்குக்குத் திரும்பிய வீடுகளை நாம் அறிவோம். 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாயிற்று. சவர்க்காரம் வாங்கும் கூலிக்காரனும் கப்பல் வைத்திருப்பவனும் அதனை ஒரே வீதத்தில் செலுத்துகின்றனர். 2021இல் 13.1 சதவீதமாயிருந்த வறுமை 2022இல் 25 சதவீதமாயிற்று என உலக வங்கியே கணக்கிட்டது. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் ஒரே ஆண்டில் ஊதாரிகளாகிவிடவில்லை.

ஆதலின் சிக்கனத்தைப் பற்றிய எமது முடிவு இது. எமது மக்களுக்கு அதனைக் கற்பிக்க வேண்டாம், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்க. அவர்களுக்கு வேண்டியது வேறு. தொழிலுக்குப் போகும் படகுக்கு மலிவான எரிபொருள் வேண்டும். உழும் காணியும் குடியிருக்கும் காணியும் உரியவரிடம் மீள வேண்டும். 2024 முதல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிக்கப்பட்ட பள்ளி உணவு மேல் வகுப்புகளுக்கும் எட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பசி தேர்ச்சி பெற்று வெளியேறிவிடுவதில்லை. பாடநூலோடு கொப்பியும் இலவசமாக வேண்டும். இவையெல்லாம் செலவு என்று சொல்வோர் உளர். செலவுதான். எங்கே செலவிட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அறிவதே சிக்கனம்.

எமது பெண்கள் இதனை நன்கு அறிவர். அரைக் கொத்து அரிசியிலிருந்தும் அவர்கள் முதலில் எடுத்துவைப்பது பிறருக்கான ஒரு பிடி. நாட்டின் கணக்கை எழுதுவோர் அந்தப் பிடியிலிருந்து தொடங்கி எழுதட்டும்.